உங்களுக்குத் தெரியுமா? – பிழைக்கும் பெயர் வைக்கலாம்!

நிரல் ஓடும்போது ஏதாவது தவறினால் கிளம்புவது எக்ஸெப்ஷன். அதைக் கிளப்புவதை ‘எறிதல்’ என்றும், எதிர்கொண்டு கையாள்வதைப் ‘பிடித்தல்’ என்றும் சொல்வோம். மொழியோடு வரும் வகைகள் போதாவிட்டால் நமக்கென்று ஒன்றை நாமே எழுதிக்கொள்ளலாம். அதைப் பற்றிச் சில தகவல்கள்:

● பைத்தானில் சொந்த எக்ஸெப்ஷன் எழுத இரண்டே வரி போதும். முதல் வரியில் கிளாஸின் பெயரும் அது எதிலிருந்து பிறக்கிறதோ அந்த பேஸ் கிளாஸும். அடுத்த வரியில் ‘பாஸ்’. உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் பெயரே பாதி வேலையை முடித்துவிடும். பணம் அனுப்பும் நிரல் வெறுமனே ‘வேல்யூ எரர்’ என்றால் தொகை தப்பா, கணக்கு எண் தப்பா என்று புரியாது. ‘இருப்பு போதவில்லை’ என்றே ஒரு வகை இருந்தால் குழப்பம் இல்லை.

● முன்பெல்லாம் பைத்தானில் வெறும் ஸ்ட்ரிங்கையே பிழையாக எறியலாம். 2008-இல் வந்த 2.6 பதிப்பு அதை நீக்கிவிட்டது. பிழை ஒரு கிளாஸாக இருப்பதில் பெரிய வசதி உண்டு: ஒரு குடும்பத்துப் பிழைகள் எல்லாவற்றையும் பேஸ் கிளாஸின் பெயரைச் சொல்லியே பிடிக்கலாம். ‘ரெக்வெஸ்ட்ஸ்’ லைப்ரரியில் இணைப்பு அறுந்தாலும் சரி, பதில் வர நேரம் கடந்தாலும் சரி, ‘ரெக்வெஸ்ட் எக்ஸெப்ஷன்’ என்ற ஒரே பெயரில் இரண்டும் சிக்கும்.

● ஜாவாவில் பேஸ் கிளாஸை மாற்றினால் விதியே மாறும். ‘எக்ஸெப்ஷன்’ கிளாஸிலிருந்து நேராகப் பிறந்ததை எறியும் மெதடை அழைப்பவர் அதைப் பிடிக்க வேண்டும். இல்லையேல் ‘த்ரோஸ்’ என்று அறிவிக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் நிரல் கம்பைல் ஆகாது. ‘ரன்டைம் எக்ஸெப்ஷன்’ வழிவந்தவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சி ஷார்ப்பில் இப்படியொரு பாகுபாடே கிடையாது.

● சி பிளஸ் பிளஸ்ஸில் ஓர் எண்ணைக்கூட எறியலாம். ஆனால் சொந்த வகையை எறிந்துவிட்டு, பேஸ் கிளாஸின் பெயரில் ரெஃபரன்ஸ் இல்லாமல் பிடித்தால், நாம் சேர்த்த கூடுதல் விவரங்கள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும். ரெஃபரன்ஸாகப் பிடிப்பதே சரி.

● பிடிக்கும் வரிசையும் முக்கியம். பொதுவான வகையை முதலில் எழுதி, அதன் கீழே நம் தனி வகையை எழுதினால் ஜாவா கம்பைலர் உடனே தடுக்கும். பைத்தான் தடுக்காது, கீழே உள்ள பகுதி ஒருநாளும் ஓடாமலே கிடக்கும்.

● ஒரு பிழையைப் பிடித்து நம் சொந்தப் பிழையாக மாற்றி எறியும்போது பழைய காரணத்தையும் இணைத்து அனுப்ப வேண்டும். ஜாவாவில் இந்த வசதி 2002-இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து உண்டு. பைத்தான் 3-இல் ‘ரெய்ஸ் – ஃப்ரம்’ என்று எழுதுகிறோம். இணைக்க மறந்தால் ஜாவாவில் மூலக் காரணத்தின் தடமே அழிந்துவிடும்.

● பிழைச் செய்தியோடு தரவையும் எக்ஸெப்ஷன் சுமக்கலாம். ‘இருப்பு போதவில்லை’ என்பதற்குள் எவ்வளவு குறைகிறது என்ற தொகையை வைத்தால், பிடிப்பவர் வாக்கியத்தைப் பிரித்து எண்ணைத் தேட வேண்டாம். கடவுச்சொல், அட்டை எண் போன்றவற்றை மட்டும் வைக்கவே கூடாது. எக்ஸெப்ஷனில் இருப்பது பெரும்பாலும் லாக் கோப்புக்குப் போய்ச் சேரும்.

● 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பி 40 விநாடிகளுக்குள் சிதறியது. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது எழுந்த எக்ஸெப்ஷனைக் கையாள அங்கே கோட் இல்லை. ஆபத்துள்ள 7 மாறிகளில் 4-க்கு மட்டுமே பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தது. திசை காட்டும் கணினியும் அதன் மாற்றுக் கணினியும் ஒரே மென்பொருளில் ஓடியதால் இரண்டுமே நின்றுபோயின. எறியத் தெரிந்தால் போதாது. பிடித்து என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

● அதனால் புதிய எக்ஸெப்ஷன் எழுதும் முன் ஒரே கேள்வி: இதைப் பிடிப்பவர் மற்றப் பிழைகளுக்குச் செய்யாத ஒன்றை இதற்குச் செய்வாரா? ஆம் என்றால் தயங்காமல் எழுதுங்கள். இல்லையென்றால் மொழியோடு வந்த வகையே போதும்.