காவல் நிலைய வாசலில் மக்காச்சோளம்

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில், பெனைன் மலைகளுக்கிடையே இருக்கிறது டாட்மர்டன். பஞ்சாலைகளை நம்பி வளர்ந்த ஊர். ஆலைகள் மூடியதும் பிழைப்பும் சுருங்கிப்போனது. மக்கள்தொகை சுமார் 15,000. இந்த ஊர்க் காவல் நிலையத்தின் முன்னால் மக்காச்சோளம் விளைந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒடித்துக்கொண்டு போகலாம். திருட்டு வழக்கு வராது.

2008இல் பாம் வார்ஹர்ஸ்ட், மேரி கிளியர் இருவரும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய ‘இன்கிரெடிபிள் எடிபிள்’ இயக்கத்தின் கைவரிசை இது. வார்ஹர்ஸ்ட், அந்தப் பகுதியை நிர்வகிக்கும் கால்டர்டேல் கவுன்சிலின் தலைவராக இருந்தவர். கோப்பு எந்த வேகத்தில் நகரும் என்பதை அறிந்தவர். அதனால்தானோ என்னவோ, முதலில் நட்டுவிட்டு, அனுமதியைப் பிறகு பார்த்துக்கொண்டார்கள்.

ரயில் நிலையத்தில் மூலிகைப் பாத்திகள், கால்வாய்க் கரையில் காய்கறிகள். புதிதாகக் கட்டிய சுகாதார நிலையத்தைச் சுற்றி அழகுக்காக முள் செடிகளை வைத்திருந்தார்கள். நோயாளிகள் வந்துபோகும் இடத்தில் முள் எதற்கு? அவற்றைப் பிடுங்கிவிட்டுப் பழமரங்களும் மூலிகைகளும் வைத்தார்கள். உழைப்பெல்லாம் தன்னார்வலர்களுடையது.

இதனால் ஊருக்கு என்ன லாபம்? எத்தனை கிலோ விளைந்தது என்று கணக்குப் பார்த்தால் ஏமாற்றம்தான். சாலையோரத் துண்டு நிலங்கள் 15,000 பேருக்குச் சோறு போடாது. காய்கறிச் செலவு மிச்சம் என்பதை மட்டும் சொல்லிச் சமூகத் தோட்டத்துக்கு ஆதரவு தேடுவது, என் பார்வையில், அதன் பெரிய பலனை விட்டுவிடுவது.

பெரிய பலன் பேச்சு. பாத்தியருகே நிற்பவர் இது என்ன கீரை, எப்படிச் சமைப்பது என்று கேட்கிறார். பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்கிறார். பழக்கமில்லாத இருவர் பழகிவிடுகிறார்கள். வழியில் வளர்வதைப் பார்த்தவர்களுக்கு, கடையில் வாங்குவது எங்கே விளைந்தது என்ற கேள்வியும் வருகிறது. வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் உபரி முட்டையை விற்பதற்கு வசதியாக, யாரிடம் கிடைக்கும் என்று காட்டும் வரைபடம் போட்டார்கள். உள்ளூர் முட்டைக்குத் தேவை கூடியது. தோட்டங்களைப் பார்க்க வெளியூர்க்காரர்களும் வந்தார்கள். ஊரின் உணவு வியாபாரிகளில் 49 சதவீதம் பேர் இம்முயற்சியால் தங்கள் வருமானம் கூடியதாகச் சொன்னார்கள் என்று 2012இல் வார்ஹர்ஸ்ட் ஓர் உரையில் குறிப்பிட்டார். இயக்கத்தவர் தரும் கணக்கு என்பதை மனதில் வைத்தே படிக்க வேண்டும். ஆனாலும் இலவசக் காய்கறி கடைக்காரர் வயிற்றில் அடிக்கும் என்ற பயத்துக்கு அது பதில்.

சிக்கல் இல்லாமல் இல்லை. பிஞ்சிலேயே பறித்துவிடுவார்கள். பழைய தொழில்நகர மண்ணில் ஈயம் கலந்திருக்கலாம். சோதிக்காமல் கீரை போடக் கூடாது. நடும் நாளில் திரளும் கூட்டம் களை பறிக்கும் நாளில் வருவதில்லை.

கவுன்சிலும் பிறகு வழிக்கு வந்தது. தன் வசம் சும்மா கிடக்கும் நிலங்களைப் பட்டியலிட்டு, பயிரிட விரும்பும் மக்களுக்கு உரிமம் கொடுக்கும் ஏற்பாடு செய்தது. இன்று பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்க் குழுக்கள் இதே பெயரில் இயங்குகின்றன.