விளக்கு மினுக்கினால் பல்பை மட்டும் பார்க்காதீங்க!

எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் ஒரு தகர ஷெட் இருக்கிறது. என் கணவர் எலுமிச்சம்பழம் ஏற்றிக்கொண்டு புளியங்குடி மார்க்கெட்டுக்குப் போய் வரும் லோடு ஆட்டோவை ராத்திரி அதில்தான் நிறுத்துவார். அடுப்படியில் இடம் இல்லாததால் கிரைண்டரையும் நான் அங்கேதான் வைத்திருக்கிறேன்.

போன வருஷம் ஆடி மாசம், ஷெட்டில் இருந்த ட்யூப் லைட் கண் சிமிட்ட ஆரம்பித்தது. ஸ்டார்ட்டரை மாற்றினார், இரண்டு நாள் நன்றாக எரிந்தது. பிறகு ட்யூபை மாற்றினார். கடைசியில் சோக்கும் ஸ்டார்ட்டரும் தேவைப்படாத எல்.இ.டி. ட்யூபே வாங்கி வந்து மாட்டினார். அதுவும் மினுக்கியது!

நான் ஒன்றைக் கவனித்தேன். மாவு ஆட்டும்போது மினுக்கல் கூடும். மலைக்காற்று தகரத்தை ஆட்டுகிற நாளில் இன்னும் அதிகம். இதைச் சொன்னால், "எல்லாம் வோல்டேஜ் கோளாறு, உனக்கென்ன தெரியும்?" என்பார். "அப்படின்னா வீட்டுக்குள்ள லைட்டெல்லாம் ஒழுங்கா எரியுதே?" என்று கேட்டேன். பதில் இல்லை.

ஒருநாள் மாவு ஆட்டும்போது ஏதோ கருகின வாடை வந்தது. "பழைய கிரைண்டர் அப்படித்தான் இருக்கும்" என்றார் அத்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. மெயினை ஆஃப் பண்ணிவிட்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் வயதான வயர்மேனைக் கூட்டி வந்தேன்.

அவர் லைட்டைத் தொடவே இல்லை. "எப்போவெல்லாம் மினுக்குது தாயி?" என்றுதான் முதலில் கேட்டார். நான் கவனித்த இரண்டையும் சொன்னேன். நேரே ஏணியைப் போட்டு, வீட்டிலிருந்து ஷெட்டுக்கு லைன் வரும் இடத்தைப் பார்த்தார். ஷெட் போட்டபோது வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். அந்த டேப் உருகிக் கருகிக் கிடந்தது. போதாததற்கு வயர் தகரத்தின் விளிம்பில் உரசி உரசி, மேல் தோல் நூலாகத் தேய்ந்திருந்தது.

அந்த ஷெட்டின் இரும்புத் தூணில்தான் கொடிக்கம்பி கட்டி, தினமும் ஈரத்துணி காயப் போடுகிறேன். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தூணு, கொடி எல்லாத்துலயும் கரண்டு பாஞ்சிருக்கும் தாயி" என்றார். எனக்குக் கை கால் வெலவெலத்துப் போச்சு.

"ஃபியூஸ் ஏன் போகல?" என்று கேட்டேன். "கரண்டு அளவுக்கு மீறி இழுத்தாத்தான் ஃபியூஸ் போகும். லூஸா இருக்குற இடத்துல சூடுதான் ஏறும், ஃபியூஸுக்குத் தெரியாது" என்றார்.

மறுநாளே பழைய லைனை எடுத்துவிட்டு, எர்த்தும் சேர்த்து மூன்று வயரை பிளாஸ்டிக் பைப்புக்குள் இழுத்தார். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. மாட்டினார். கரண்ட் 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே அது கண் இமைக்கும் நேரத்தில் லைனை நிறுத்திவிடுமாம். லைட் இப்போது மினுக்குவதே இல்லை. என் கணவர் கருகின டேப்பைக் கையில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் கொடிக்கம்பியை அவரே அவிழ்த்து, இரண்டு மரக்கம்புகளை நட்டு நைலான் கயிறு கட்டிக் கொடுத்தார்.

சகோதரிகளே, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரே ஒரு லைட் மினுக்கினால் பல்பு, ஹோல்டர், சுவிட்சு ஆகியவற்றில் கோளாறு இருக்கலாம். ட்யூபின் இரண்டு முனையும் கறுத்திருந்தால் ட்யூபுக்கு வயசாகிவிட்டது. புது பல்பு போட்டும் மினுக்கினால், கோளாறு லைனில் இருக்கலாம். வீட்டில் சில லைட் மங்கி, சில லைட் அளவுக்கு மீறிப் பளீரென்று எரிந்தால், நியூட்ரல் வயர் விட்டுப் போயிருக்கலாம். உடனே மெயினை ஆஃப் பண்ணுங்கள். கம்பத்தில் கோளாறு என்றால் நாம் தொடவே கூடாது. 2021-ல் தொடங்கிய மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

எப்போது மினுக்குகிறது என்பதைக் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி. வீட்டில் நாள் முழுக்க இருக்கும் நம் கண்ணுக்குத்தானே அது முதலில் படும்? "உனக்கென்ன தெரியும்" என்றால் வாயை மூடிக்கொள்ளாதீர்கள்!

– ஒரு வாசகி, வாசுதேவநல்லூர்.