மலையாடுகளும் மூன்று கிழமைக் கணக்கும்

மாடு என்னுஞ் சொல் பழந்தமிழில் விலங்கை மட்டுமன்றிச் செல்வத்தையும் உணர்த்தியது. கல்வியின் சிறப்பை உரைக்குமிடத்து வள்ளுவர் அச்சொல்லைச் செல்வம் என்னும் பொருளிலேயே ஆண்டிருக்கின்றார். இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' என்னுஞ் சொல், கால்நடையைக் குறிக்கும் 'பெக்குஸ்' என்பதனடியாகப் பிறந்ததாகும். மந்தையே செல்வமாயிருந்த காலம் மலையேறிவிட்டதென்று நகரத்தில் வாழும் நாம் எண்ணுகின்றோம். ஆயினும், மந்தையையன்றி வேறு முதலில்லாத மக்கள் இன்றும் பல நாடுகளில் வாழ்கின்றனர். அவர்களை நோக்கி அரசாங்கம் ஒருநாள், "உங்கள் ஆடுகளை விற்கவும் வேண்டாம், இறைச்சிக்கு அனுப்பவும் வேண்டாம்" என்று ஆணையிட்டால் என்னாகும்? அவ்வாணை, கண்ணாற் காணவும் மூக்கால் முகரவும் நாவாற் சுவைக்கவும் இயலாத ஒரு பொருளை முன்னிட்டுப் பிறந்ததாயின் அம்மக்கள் யாரை நம்புவர்? பிரித்தானியாவின் மலைநாடுகளில் 1986 முதல் 2012 வரை நடந்தேறிய வரலாறு இவ்வினாக்களுக்கு விடை பகரும்.

மழையோடு இறங்கிய நஞ்சு

1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், அன்று சோவியத் ஒன்றியத்தின் பகுதியாயிருந்த உக்ரேனிலே, செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்துத் தீப்பற்றியது. உலையிலிருந்து கிளம்பிய கதிர்த்தொழிற்பாடுடைய துகள்கள் காற்றிற் கலந்து ஐரோப்பாவின் பெரும்பகுதியிற் பரந்தன. மே மாதத் தொடக்கத்தில் அவை பிரித்தானியாவை அடைந்த வேளையில், வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியாவிலும், வட வேல்சிலும், ஸ்கொத்லாந்தின் மேட்டு நிலங்கள் சிலவற்றிலும் பெருமழை பொழிந்தது. மழையில்லாத சமவெளிகளைப் பெரிதுந் தீண்டாது கடந்துசென்ற நஞ்சு, மழை பெய்த மலைகளில் இறங்கித் தங்கிற்று.

கம்பிரியா என்ற பெயர் நம் மாணவருக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆங்கிலக் கவிஞர் வேட்ஸ்வேத்து பிறந்து வாழ்ந்து பாடிய ஏரிநாடு அதிலேயே உள்ளது. 1800இல் அவர் எழுதிய 'மைக்கேல்' என்னுங் கதைப்பாட்டின் தலைவன் அம்மலைகளில் ஆடு மேய்த்த முதியவனே. அக்கவிதைக் காலத்திலிருந்து இன்றுவரை அங்கே மேய்ச்சல் முறை அடிப்படையில் மாறவில்லை. மலையுச்சிகளில் வேலியில்லை. தாயாடு தான் மேய்ந்த எல்லையைத் தன் குட்டிக்குப் பழக்குகின்றது. அக்குட்டி வளர்ந்து தன் குட்டிக்குப் பழக்குகின்றது. இவ்வாறு நிலமும் மந்தையும் பிரிக்கவியலாத உறவு பூண்டு நிற்கின்றன. வசந்தத்திற் பிறக்குங் குட்டிகளைக் கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் விற்பதே பண்ணையாளரின் ஆண்டு வருவாய். பள்ளத்தாக்கிலுள்ள சிறிதளவு நற்புல்லையோ அவர்கள் மாரிகாலத் தீவனத்துக்காகப் பேணிவைப்பர். இவ்வொழுங்கில் ஓர் இழை அறுந்தாலும் முழுவதும் சிக்கலாகும்.

மூன்று கிழமையென்ற கணக்கு

1986ஆம் ஆண்டு யூன் 20ஆம் நாள் கம்பிரியாவிலும் வட வேல்சிலும் செம்மறியாடுகளை இடம்பெயர்ப்பதையும் இறைச்சிக்காகக் கொல்வதையும் அரசாங்கம் தடைசெய்தது. சில நாட்களில் ஸ்கொத்லாந்தின் பகுதிகளுக்கும், பின்னர் வட அயர்லாந்துக்கும் தடை விரிந்தது. ஏறத்தாழ 9,800 பண்ணைகளும் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆடுகளும் அதன் கீழ் வந்தன. இறைச்சியில் கிலோகிராமுக்கு 1,000 பெக்கரலுக்கு மேல் சீசியம் இருத்தலாகாது என்பது விதி. பெக்கரல் என்பது ஒரு செக்கனில் ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் அலகு.

தடை மூன்று கிழமைகளில் நீங்கிவிடும் என்றே முதலிற் கூறப்பட்டது. இக்கணக்கு வெறுங் கற்பனையாகப் பிறந்ததன்று. சீசியம், பொற்றாசியத்தைப் போன்ற இயல்பினது. ஆடு உண்ணும் புல்லோடு உடலுட் புகுந்து தசையிற் படியும்; ஆனால் அங்கே நிலைத்துத் தங்காது. தூய புல்லை உண்ணத் தொடங்கியதும் சில கிழமைகளிற் பெரும்பகுதி கழிந்துவிடும். மண்ணில் விழுந்த சீசியத்தைக் களிமண் துணிக்கைகள் இறுகப் பற்றிக்கொள்ளும். புதிதாகத் தளிர்க்கும் புல்லில் அது ஏறாது. ஆகவே பழைய புல் மேய்ந்து தீர்ந்ததும் இடரும் தீருமென்று விஞ்ஞானிகள் கணித்தனர்.

கணிப்பிற் பிழை எங்கே நேர்ந்தது? அவர்கள் கருத்திற்கொண்ட மண் சமவெளியின் களிமண். மலைமேலுள்ளதோ, தாவரங்கள் முற்றாக மட்காது நீரில் ஊறிக்கிடந்து உருவான கரிய, அமிலத்தன்மையுடைய மண். அதிலே களிமண் மிகக் குறைவு. அங்கு விழுந்த சீசியம் பிடிப்பின்றி வேர்களுக்கு எட்டும் நிலையிலேயே இருந்தது. புல் அதனை உறிஞ்சிற்று. ஆடு புல்லை மேய்ந்தது. ஆட்டின் எருவோடு அது மீண்டும் மண்ணை அடைந்தது. நஞ்சு நீங்குவதற்கு வழியில்லாத ஒரு வட்டம் அமைந்துவிட்டது. சீசியம் 137 என்னுஞ் சமதானியின் அரைவாழ்வுக் காலம் 30 ஆண்டுகள் என்பதையும் இங்கு நினைவிற் கொள்க. யூலை 24ஆம் நாள், மூன்று கிழமைத் தடை காலவரையறையற்ற தடையாக மாறிற்று.

பட்டியில் நின்ற பரிசோதனை

விற்பனையை முற்றாக நிறுத்தினால் பண்ணைகள் அழிந்துபோம். எனவே 'குறியிட்டு விடுவித்தல்' என்னும் முறை வகுக்கப்பட்டது. ஆடுகளை விற்க எண்ணும் பண்ணையாளர் முன்கூட்டியே அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். பரிசோதகர் வந்ததும் மந்தையைப் பட்டியில் அடைத்து ஒவ்வோர் ஆட்டையும் பிடித்து நிறுத்த, அவர் கையிலுள்ள அளவுகருவியை அதன் பின்புறத் தசையோடு அழுத்தி வைத்துக் கதிர்வீச்சை எண்ணுவார். உயிருள்ள ஆட்டை வெளியிலிருந்து அளப்பதிற் பிழை நேரலாமாகையால், 1,000 பெக்கரலுக்கு மாறாக 645 பெக்கரலே களத்தில் எல்லையாகக் கொள்ளப்பட்டது. அதனைக் கடந்த ஆட்டின் உடலிலே வர்ணக் குறி இடப்படும். குறியிட்ட ஆட்டைச் சில மாதங்களுக்கு இறைச்சியாக்க முடியாது. தாழ்நிலப் புல்லில் மேய்ந்து அளவு குறைந்த பின்னரே அது விடுதலை பெறும்.

இம்முறை உண்போரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் பாரம் விழுந்த தோள் பண்ணையாளருடையதே. குறியுள்ள ஆட்டுக்குச் சந்தையில் விலை குன்றிற்று. விலை நன்றாக இருந்த நாளிற் பரிசோதகர் வராமையும், பரிசோதகர் வந்த நாளில் விலை வீழ்ந்திருத்தலும் அவர்களுக்குப் பழகிப்போன துன்பங்கள். பரிசோதிக்கப்பட்ட ஆடொன்றுக்கு 1.30 பவுண் உதவித்தொகை வழங்கப்பட்டது. மலையெங்கும் சிதறிய மந்தையைத் திரட்டி இறக்கும் உழைப்புக்கு அத்தொகை எவ்வளவு ஈடாகும் என்பதை ஆடு வளர்ப்போர் அறிவர்.

ஏட்டறிவும் நிலத்தறிவும்

லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூகவியலறிஞர் பிறயன் வின் இம்மலைப் பண்ணையாளரோடு நெடிது உரையாடி ஆராய்ந்தார். அவர் எடுத்துக்காட்டிய செய்திகள் கற்றோர் யாவருஞ் சிந்திக்கத்தக்கன.

குட்டிகளை மலைக்கு ஏற்றாது பள்ளத்தாக்கிலேயே நிறுத்தி வைக்குமாறு நிபுணர் சிலர் அறிவுரை கூறினர். பள்ளத்தாக்குப் புல் இப்போது தீர்ந்தால் மாரிகாலத்தில் மந்தை பட்டினி கிடக்கும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. வைக்கோல் முதலியவற்றைக் கொணர்ந்து ஊட்டலாம் என்றனர் வேறு சிலர். மலையாடு வைக்கோலைத் தின்று வாழாது என்பதை அங்குள்ள சிறுவனும் அறிவான்.

இன்னுமொன்று. பென்ரனைற்று என்னும் களிமண் வகையை நிலத்திற் பரப்பினால் அது சீசியத்தைப் பற்றிக்கொள்ளுமா எனச் சோதிக்க, நிலத்தைப் பாத்திகளாக வேலியிட்டுப் பிரித்து, வெவ்வேறு அளவிற் களிமண் இட்டு, ஆடுகளை அவற்றுள் அடைத்தனர். "திறந்த மலையிலே திரிந்து பழகிய ஆடு வேலிக்குள் நலிந்துபோம், நலிந்த ஆட்டை அளந்து நீங்கள் எதனை அறிவீர்கள்?" என்னும் கருத்துப்படப் பண்ணையாளர் அப்போதே கூறினர். அதனை எவரும் செவிமடுத்திலர். பின்னர் அவர்கள் சொன்ன காரணத்தாலேயே அச்சோதனை கைவிடப்பட்டது.

இதைக்கொண்டு விஞ்ஞானம் பொய்யென்று முடிவுகட்டுதல் பேதைமை. சீசியத்தைக் கண்ணாற் காணும் வல்லமை எந்த ஆயனுக்கும் இல்லை. அக்கருவியின்றி அவனும் அவன் இறைச்சியை உண்போரும் இருளிலேயே இருந்திருப்பர். ஆயின், எண் எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், எவ்வகை மேய்ச்சலிலே பெறப்பட்டது என்பதை அறிந்தாலன்றி அதற்குப் பொருளில்லை. அவ்வறிவு ஆயனிடத்தே இருந்தது. சொல்லின் பொருளை இடம்நோக்கி உணர்தல் வேண்டும் என்று நாம் மாணவருக்குக் கற்பிக்கின்றோம். அளவைக்கும் அந்நெறியே பொருந்தும்.

பழைய தீயின் நிழல்

பண்ணையாளரின் ஐயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கம்பிரியாவின் கடற்கரையிலேயே வின்ட்ஸ்கேல் என்னும் அணுநிலையம் இருந்தது. 1981இல் அது செலபீல்ட் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1957 ஒக்ரோபரில் அந்நிலையத்தின் உலையொன்று தீப்பற்றியது. அப்போது பாலில் அயடீன் 131 கலந்தமையால், ஏறத்தாழ 500 சதுர கிலோமீற்றர் பரப்பிலுள்ள பண்ணைகளின் பால் தடைசெய்யப்பட்டு, ஏறக்குறைய 20 இலட்சம் இலீற்றர் கொட்டப்பட்டது. அயடீன் 131இன் அரைவாழ்வு 8 நாட்களே. ஆகவே அத்தடை விரைவில் நீங்கியது. ஆனால் அவ்விபத்துப் பற்றிய முழு அறிக்கை 1988 வரை மக்களுக்கு வெளியிடப்படவில்லை.

ஆதலின் 1986இல், "எங்கள் மலையிலுள்ள நஞ்சு முழுவதும் செர்னோபிலிலிருந்து வந்ததுதானா?" என்று மக்கள் வினவியதில் வியப்பில்லை. விஞ்ஞானிகள் விடையொன்று வைத்திருந்தனர். செர்னோபிற் சீசியத்தில் 137உம் 134உம் குறித்த விகிதத்திற் கலந்திருக்கும். பின்னதன் அரைவாழ்வு இரண்டாண்டளவேயாதலால் பழைய சீசியத்தில் அது எஞ்சியிராது. அவ்விகிதமே கைரேகைபோல மூலத்தைக் காட்டுமென்றனர். ஆனால் பின்னாளில், மலைமண்ணிலுள்ள சீசியத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு அணுவாயுதச் சோதனைகளாலும் 1957ஆம் ஆண்டுத் தீயினாலும் முன்னரே விழுந்ததாயிருக்கலாமென்பது தெரியவந்தது. அவ்வாறாயின் இத்தனையாண்டும் அதை ஏன் அளந்து பார்க்கவில்லை என்ற வினா எழுந்தது. முன்பு மறைத்தவர் பின்பு மெய்யே கூறினும் கேட்போர் ஐயுறுவர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

வடதுருவத்து மந்தைகள்

இதே நஞ்சு நோர்வேயிலும் சுவீடனிலும் சாமி என்னும் பழங்குடியினரின் துருவமான் மந்தைகளைத் தாக்கிற்று. மாரிகாலத்தில் அம்மான்கள் பாசிபோற் பாறையிலும் தரையிலும் படரும் இலைக்கன்களை உண்ணும். அவற்றுக்கு வேரில்லை, காற்றும் மழையுங் கொணர்வதையே உறிஞ்சி வாழ்வன. ஆதலின் நஞ்சும் அவற்றில் மிகுதியாகச் சேர்ந்தது. பல்லாயிரம் மான்களின் இறைச்சி உணவாகாது கழிக்கப்பட்டது.

நோர்வே அரசாங்கம் 1986இன் இறுதியில் துருவமான் இறைச்சிக்குரிய எல்லையைக் கிலோகிராமுக்கு 600 பெக்கரலிலிருந்து 6,000 பெக்கரலாக உயர்த்தியது. பொதுமக்கள் அவ்விறைச்சியை அரிதாகவே உண்பர் என்பதும், பழைய எல்லை நீடித்தால் மான் மேய்ப்பும் அதனோடு பின்னிய சாமிப் பண்பாடும் அழியுமென்பதும் அதற்குக் காரணங்கள். ஆனால் சாமி மக்கள் அவ்விறைச்சியை நாள்தோறும் உண்பவர். ஆகவே அவர்களுக்குத் தனி அறிவுரைகள் தேவைப்பட்டன. மான்களுக்குத் தூய தீவனம் அளித்தல், இலைக்கன் உண்ணும் பருவத்துக்கு முன்னரே அறுத்தல், உயிருள்ள மந்தையை அளத்தல் ஆகிய முறைகள் கையாளப்பட்டன. ஓவியர் பயன்படுத்தும் பிரசியநீலம் குடலிலே சீசியத்தைப் பற்றிக் கழிவோடு வெளியேற்றும். அச்சேர்வையும் நோர்வேயின் மந்தைகளுக்கு ஊட்டப்பட்டது.

எல்லையெண் என்பது இயற்கை கல்லிற் பொறித்துத் தந்த கோடு அன்று என்பதும், எவர் எவ்வளவு உண்பர், எவர் வாழ்வு எதனாற் கெடும் என்று மனிதர் நிறுத்துப் பார்த்து வரைவது அது என்பதும் இதனாற் புலனாகும். அங்ஙனமாயின், அந்நிறுவைக்கு முன் அம்மக்களின் சொல்லையுங் கேட்டல் முறையன்றோ?

26 ஆண்டுகளின் பின்

பிரித்தானியாவில் தடை சிறிது சிறிதாகக் குறுகிற்று. வட அயர்லாந்து 2000இலும் ஸ்கொத்லாந்து 2010இலும் விடுபட்டன. கம்பிரியாவிலும் வட வேல்சிலும் எஞ்சியிருந்த 300க்கு மேற்பட்ட பண்ணைகளின் தடை 2012ஆம் ஆண்டு யூன் முதலாம் நாள் நீக்கப்பட்டது. உண்போருக்கு நேரும் இடர் மிகச் சிறிதாகிவிட்டதென்பதும், அதன்பொருட்டு இக்கட்டுப்பாட்டை நீடித்தல் தகாதென்பதும் அதிகாரிகள் கூறிய காரணங்கள். மூன்று கிழமையென்று தொடங்கியது 26 ஆண்டுகளில் முடிந்தது. தடை விழுந்த கோடையிற் பிறந்த குழந்தை, தடை நீங்கியபோது பண்ணையை ஏற்று நடத்தும் வயதை எய்தியிருந்தது.

தடை விதித்தது குற்றமன்று. உணவைக் காப்பது அரசின் கடன். மூன்று கிழமையென்று உறுதிகூறியதே பெருந்தீங்காய் முடிந்தது. "இம்மண்ணின் இயல்பை இன்னும் ஆராயவேண்டும், நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள்" என்று முதல்நாளே உரைத்திருந்தால் பண்ணையாளர் துணிந்து தம் ஆண்டுக் கணக்கைத் திருத்தியிருப்பர், அதிகாரிகளையும் நம்பியிருப்பர். இனியும் உலகில் எங்கேனும் ஓர் உலை சிதையலாம். மழை எந்த மலையில் விழுமென்று எவரும் முன்னறியார். அன்று அளவுகருவியோடு மலையேறிச் செல்பவர், கருவியைத் திறக்குமுன் பட்டியில் நிற்கும் ஆயனிடம் அவன் புல்லைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் கேட்டறிவாராக.