பெயரைப் பிரிக்கும் பைதான்

பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த நம் பிள்ளைகள் சி.பி.எஸ்.இ.யில் படிப்பது பைதான் மொழிதான். அதில் ஆரம்பத்திலேயே வருவது ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம். நம் உறுப்பினர் பட்டியலை வைத்தே அதைப் பார்ப்போம்.

'கோவிந்தன் ராமசாமி' என்று மேற்கோளுக்குள் எழுதி, ஒரு புள்ளி வைத்து, ஆங்கிலத்தில் ஸ்பிளிட் என்று தட்டி, வெற்று அடைப்புக்குறி போட்டால் இரண்டு துண்டுகள் வரும். கப்ளிங்கைக் கழற்றி வேகன்களைப் பிரிப்பது போலத்தான். ஆனால் இங்கே கப்ளிங்கான இடைவெளி காணாமலே போய்விடும். தட்டியவர் தவறி இரண்டு இடைவெளி விட்டிருந்தாலும் பாதகமில்லை. அடைப்புக்குறிக்குள் ஓர் இடைவெளியை மேற்கோளோடு கொடுத்தால்தான் வம்பு. நடுவே ஒரு காலித் துண்டும் வந்து நிற்கும்.

சேர்ப்பதற்கு ஜாயின். இதில் கப்ளிங்தான் முதலில் வரும். மேற்கோளுக்குள் கமா, பிறகு புள்ளி, ஜாயின், அடைப்புக்குறிக்குள் துண்டுகளின் பட்டியல்.

அச்சுக்கு ஒழுங்காக அமைக்க, மேற்கோளுக்கு முன் எஃப் என்ற எழுத்தைப் போட்டு, பெயர் வர வேண்டிய இடத்தில் நெளிவு அடைப்புக்குறி வைக்கலாம். 2016இல் வந்த 3.6ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. அதற்குள் எண்ணை அடுத்து முக்காற்புள்ளியும் 04 என்றும் எழுதினால், 7ஆம் உறுப்பினர் 0007 ஆவார்.

இனிதான் நம் வீட்டுச் சங்கடம். முதல் துண்டு சொந்தப் பெயர், கடைசித் துண்டு குடும்பப் பெயர் என்று எண்ணி எழுதிய புரோகிராம், பையன் ராமசாமியை அப்பா பெயரால் 'கோவிந்தன்' என்று கூப்பிடும். சரி, இனிஷியல் போடலாமென்று அப்பா பெயரின் முதல் எழுத்தைக் கேட்டால் 'கோ' வராது, 'க' வரும். பைதான் 'க'வை ஒன்றாகவும் அதன் உயிர்க்குறியைத் தனியாகவும் எண்ணுகிறது. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துக்கும் அதன் கணக்கு 5. கோ. ராமசாமி இப்படித்தான் க. ராமசாமியாகி வேறு வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறார்.

முதல் எழுத்தோடு அடுத்து வரும் குறிகளையும் சேர்த்தெடுக்கப் புரோகிராம் எழுதலாம். யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பு எது குறி என்று சொல்லும். அதைவிடச் சுலபம், பட்டியலில் இனிஷியல், சொந்தப் பெயர், அப்பா பெயர் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் தட்டிவிடுவது. அச்சிடும்போது ஜாயின் சேர்த்துக்கொள்ளும். ஸ்பிளிட்டுக்கு வேலையே இராது.