கோலிஸ்டினின் மறுவருகை: தீவிர சிகிச்சைப் பிரிவில் அசினெட்டோபாக்டர் தொற்றும் மருந்துத் தேர்வும்

செயற்கைச் சுவாசக் கருவியுடன் இணைக்கப்பட்டுள்ள நோயாளியின் மூச்சுக்குழாய்ச் சளியில் அசினெட்டோபாக்டர் பாமனி வளர்ந்திருப்பதாக ஆய்வக அறிக்கை வருகிறது. கார்பபெனெம் மருந்துகளுக்கு அது கட்டுப்படவில்லை. கோலிஸ்டின் மட்டுமே எஞ்சியுள்ளது. எந்த மருந்தைத் தருவது என்னும் வினாவுக்கு முன்னர், மருந்து தேவைதானா என்னும் வினா எழ வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நலமுள்ளோரிடம் இப்பாக்டீரியம் அரிதாகவே நோயை உண்டாக்கும். சுவாசக் குழாயும் சிரைவழிக் குழாயும் குன்றிய நோயெதிர்ப்பாற்றலுமே அதற்கு வாய்ப்பளிக்கின்றன. உலர்ந்த பரப்புகளிலும் வாரக்கணக்கில் உயிர்வாழ வல்லதாதலால், நோயாளியின் உடலில் அது வெறுமனே குடியேறியும் இருக்கலாம். காய்ச்சல், கூடிவரும் ஆக்சிஜன் தேவை, மார்பு எக்ஸ்கதிர்ப் படத்தில் புதிய நிழல் போன்ற சான்றுகள் ஏதுமின்றிக் கோலிஸ்டினைத் தொடங்குவது, நோயாளிக்கன்றி அறிக்கைக்கு மருத்துவம் செய்வதாகும். அதற்கான விலையைச் சிறுநீரகம் செலுத்துகிறது.

1950களில் பயன்பாட்டுக்கு வந்த கோலிஸ்டின், சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதித்ததால் 1970களில் பெரிதும் கைவிடப்பட்டது. வேறு மருந்துகள் பயனற்றுப்போன பின்னரே மீண்டும் அழைக்கப்பட்டது. பாக்டீரியத்தின் வெளிச்சவ்விலுள்ள எதிர்மின்னேற்றக் கொழுப்புச் சர்க்கரைடுகளைப் பற்றி, அச்சவ்வைக் குலைப்பதே இதன் செயல்முறை. சிரைவழியாகச் செலுத்தப்படுவது இதன் முன்மருந்து. அது உடலில் மெதுவாகவே கோலிஸ்டினாக மாறுகிறது. ஆதலால் 90 இலட்சம் அலகு தொடக்க அளவு தரப்படாவிடில், குருதியில் போதிய செறிவு உருவாக இரண்டு நாள்கள் வரை ஆகலாம். கடுந்தொற்றில் அத்தாமதம் உயிரைப் பறிக்கக்கூடும். ஆய்வகத்திலும் ஓர் இடர் உண்டு. கோலிஸ்டினின் பெரிய மூலக்கூறு அகாரில் நன்கு பரவாமையால் வட்டில்லை முறையின் முடிவை நம்ப இயலாது. திரவ ஊடக நுண்நீர்த்தல் முறையே ஏற்கத்தக்கது.

கோலிஸ்டினுடன் மெரோபெனெமையும் சேர்ப்பது பரவலான வழக்கம். ஆய்வகக் குப்பிகளில் இவ்விணை கூட்டுவிளைவைக் காட்டியதே அதற்குக் காரணம். எனினும் 2018இல் வெளியான, 406 நோயாளிகளை உள்ளடக்கிய ஐடா ஆய்வில், இணைமருத்துவம் தனிமருத்துவத்தைவிட மேம்பட்டதாக நிறுவப்படவில்லை. குப்பியில் கண்டதை நோயாளியிடம் கண்டதாகக் கொள்ளும் பழக்கம் எளிதில் மறைவதில்லை.

எதிர்ப்புத்திறனின் ஊற்று மருத்துவமனைக்கு வெளியிலும் உள்ளது. கோலிஸ்டின் எதிர்ப்பைப் பிளாஸ்மிடுவழிக் கடத்தும் எம்சிஆர்-1 மரபணு சீனாவில் கண்டறியப்பட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. கால்நடைத் தீவனத்தில் இம்மருந்தைச் சேர்த்தமை அதன் பரவலுடன் தொடர்புபடுத்தப்பட்டது. உணவுக்கான விலங்குகளில் கோலிஸ்டினைப் பயன்படுத்த இந்தியா 2019இல் தடை விதித்தது.

2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சல்பாக்டம்–டுர்லோபாக்டம் இணை நம்பிக்கையளிக்கிறது. அதன் ஒப்பீட்டாய்வில் 28 நாள் இறப்பு 19 விழுக்காடு. கோலிஸ்டின் குழுவில் 32 விழுக்காடு. சிறுநீரகப் பாதிப்பு முறையே 13, 38 விழுக்காடு. ஆயினும் டுர்லோபாக்டம் என்டிஎம் வகை நொதிகளைத் தடுப்பதில்லை. அந்நொதியுடைய குடல்வாழ் பாக்டீரியங்கள் சென்னை நோயாளிகளிடமும் காணப்பட்டதை 2010ஆம் ஆண்டு ஆய்வொன்று பதிவுசெய்தது. அசினெட்டோபாக்டரிலும் அந்நொதி உண்டு. ஆகவே இந்தியச் சூழலில், நொதியின் வகையை அறியாமல் இப்புதிய மருந்தை மட்டும் நம்பித் தொடங்குவதற்கில்லை.