நீளக் கண்காரர்களின் மலையில் நெருப்பு

2022 ஜூன் 17, வெள்ளிக்கிழமை, அதிகாலை 2 மணி. மற்ற நாட்களில் அந்த நேரம் கிட் பீக் மலையுச்சியில் குவிமாடங்கள் திறந்திருக்கும். கார் விளக்கைப் போடுவதற்குக்கூட அங்கே கட்டுப்பாடு உண்டு; அவ்வளவு இருட்டு வேண்டும் வானியலாளர்களுக்கு. அன்றிரவு குவிமாடங்கள் இறுக மூடிக் கிடந்தன. வானியலாளர்கள் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். மலை தீயணைப்புப் படையின் பொறுப்பில் இருந்தது. தென்மேற்கு முகட்டைத் தாண்டி உச்சிக்குள் வந்துவிட்டது நெருப்பு.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தென்மேற்கே, சொனோரா பாலைவனத்துக்கு நடுவே நிற்கும் மலை அது. உயரம் 2,096 மீட்டர். உச்சியில் பெரிதும் சிறிதுமாக ஏறக்குறைய இரண்டு டஜன் தொலைநோக்கிகள்.

பாலைவனத்தில் எரிவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அடிவாரத்தில்தான் சாகுவாரோ கள்ளியும் முட்புதரும். மேலே ஏற ஏறப் புல்வெளி, அதற்கும் மேலே கருவாலியும் ஜூனிப்பரும். கோடை மழைக்கு முந்தைய ஜூன் மாதத்தில் அவ்வளவும் சருகாகக் காய்ந்திருக்கும். அப்போது துளி மழையில்லாமல் மின்னல் மட்டும் இறங்கினால் போதும். ஜூன் 11 அன்று அருகிலுள்ள பபோகிவாரி மலைத்தொடரில் அப்படித்தான் ஒரு மின்னல் விழுந்தது. ‘கான்ட்ரெரஸ் தீ’ என்று பெயர் பெற்ற அந்த நெருப்பு அணைவதற்குள் ஏறக்குறைய 29,500 ஏக்கரை எரித்துவிட்டது.

கள்ளிகள் நிற்கும் தாழ்நிலத்தின் கதை வேறு. அங்கே செடிக்கும் செடிக்கும் இடையே வெறும் மண் கிடக்கும். தீ பிடித்தாலும் தாவ வழியிருக்காது. அந்த இடைவெளியை இப்போது ஒரு புல் நிரப்பி வருகிறது. மாட்டுத் தீவனத்துக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் சென்ற நூற்றாண்டில் கொண்டுவந்து விதைத்தது. நம் கொங்குநாட்டுக் கொறங்காடுகளில் காங்கேயம் மாடுகள் மேய்கிற அதே கொழுக்கட்டைப் புல்தான் அது. இங்கே வறட்சியில் மாட்டைக் காப்பாற்றும் புல், தீயைத் தாங்கப் பழகாத சாகுவாரோக்களின் காலடியில் விறகாகக் குவிகிறது. கான்ட்ரெரஸ் தீ மலைமேல் மின்னலில் பிறந்தது. அதன் பழி இந்தப் புல்லுக்கு இல்லை. ஆனால் அரிசோனாவில் தீயைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைத் தவிர்ப்பதில்லை.

அன்றிரவு ஆபத்தில் இருந்தவை சாதாரணக் கருவிகள் அல்ல. ஆந்திரோமீடா விண்மீன் மண்டலத்தின் சுழற்சியை அளந்து, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் பற்றிய கேள்வியை விஞ்ஞானிகள் தட்டிக்கழிக்க முடியாதபடி செய்தவர் வேரா ரூபின். அந்த அளவீடுகளில் ஒரு பகுதியை அவர் எடுத்தது இந்த மலையில். குவாசர் எனும் தொலைதூர ஒளிமையம் ஒன்றின் ஒளி ஈர்ப்புவிசையால் வளைந்து இரண்டாகத் தெரிவது முதன்முதலில் 1979இல் பிடிபட்டதும் இங்குள்ள 2.1 மீட்டர் தொலைநோக்கியில்தான். 4 மீட்டர் ஆடி கொண்ட மேயால் தொலைநோக்கியில் இப்போது ‘டெசி’ என்ற கருவி இருக்கிறது. 5,000 சின்னஞ்சிறு ரோபோக்கள் ஆளுக்கொரு கண்ணாடி இழையைத் திருப்பி, ஒரே சமயத்தில் 5,000 வான்பொருட்களின் ஒளியை வாங்கும்.

இவற்றுக்குத் தீயின் நாக்கு மட்டும் எமன் இல்லை. ஆடியின் மேல் பூசிய அலுமினியம் தலைமுடியின் தடிமனில் பல நூற்றில் ஒரு பங்குதான் இருக்கும். சாம்பல் படிந்து அதில் ஈரமும் சேர்ந்தால் பூச்சை அரித்துவிடும். காற்றில் பறந்து வரும் ஒரு கங்கு குவிமாடத்தின் இடுக்கில் புகுந்தால் வேறு தீயே வேண்டாம்.

எல்லாம் போனால் எப்படி இருக்கும் என்பதை ஆஸ்திரேலியா பார்த்திருக்கிறது. 2003 ஜனவரி 18 அன்று கான்பெராவை அடுத்த மவுண்ட் ஸ்ட்ராம்லோவைச் சுற்றியிருந்த பைன் தோட்டங்கள் பற்றிக்கொண்டன. ஐந்து தொலைநோக்கிகளும் பட்டறையும் போயின. ஹவாயில் உள்ள ஜெமினி தொலைநோக்கிக்காகக் கட்டி, அனுப்பும் தறுவாயில் இருந்த கருவியும் எரிந்தது. அதே நெருப்பு கான்பெராவில் நான்கு உயிர்களையும் குடித்தது. பத்தாண்டு கழித்து, 2013 ஜனவரியில், சைடிங் ஸ்ப்ரிங் ஆய்வகத்தைத் தீ சூழ்ந்தது. இம்முறை கட்டடங்களைச் சுற்றி மரம் வெட்டியிருந்தார்கள், இடுக்குகளை அடைத்திருந்தார்கள். விடுதி எரிந்தது, தொலைநோக்கிகள் பிழைத்தன. அங்கே தப்பிய 3.9 மீட்டர் ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கி, கிட் பீக்கின் மேயாலை முன்மாதிரியாக வைத்து வடிவமைத்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

கிட் பீக்கிலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். கட்டடங்களை ஒட்டிய புதரையும் மரங்களையும் அகற்றியிருந்தார்கள். விமானங்கள் சரிவுகளில் தீத்தடுப்புக் கலவையைக் கொட்டின. தரையில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டினார்கள். விடிந்தபோது ஊழியர் விடுதி உட்பட நான்கு கட்டடங்கள் போயிருந்தன. எதுவும் அறிவியல் கட்டடம் இல்லை. தொலைநோக்கிகள் நின்றன. அரிவாளும் ரம்பமும் பிடித்தவர்களின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வராது. ஆனால் இந்த மலையிலிருந்து இனி வரும் ஒவ்வொரு கண்டுபிடிப்பிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

மலை யாருடையது என்பதையும் மறக்கக் கூடாது. இது டொஹோனோ ஓதம் மக்களின் நிலம். 1950களில் வானியலாளர்கள் இடம் கேட்டு வந்தபோது, அம்மக்களின் பெரியவர்களை டூசானுக்கு அழைத்துப்போய்த் தொலைநோக்கியில் நிலாவைக் காட்டினார்கள். ‘நீளக் கண்காரர்கள்’ என்று பெயர் வைத்து, அறிவியலுக்குப் பயன்படும்வரை இருந்துகொள்ளுங்கள் என்று 1958இல் குத்தகைக்குச் சம்மதித்தார்கள் அந்தப் பெரியவர்கள். உறவு எப்போதும் சுமுகமாக இருந்துவிடவில்லை. மலையில் புதிதாக வரவிருந்த காமா கதிர்த் தொலைநோக்கித் திட்டத்தை எதிர்த்து 2005இல் டொஹோனோ ஓதம் மக்கள் வழக்குப் போட்டார்கள். திட்டம் வேறிடத்துக்குப் போனது. தீ தொடங்கிய பபோகிவாரி மலைத்தொடரில்தான் அவர்களைப் படைத்த ஈதோயி குடியிருக்கும் புனித மலை இருக்கிறது. ஆகவே தொலைநோக்கிகள் தப்பின என்பதோடு செய்தி முடிவதில்லை. கருகிய சரிவுகளும் இழப்புக் கணக்கில் வரவேண்டும்.

தீ அணைந்ததும் வேலை தொடங்கியது. மின்சாரமும் இணையமும் அறுந்துபோயிருந்தன. அடுத்து மழைக்காலம் வந்தது. வேர் கருகிய மலைச்சரிவு நீரைப் பிடித்து வைக்காது. மண்ணும் கல்லும் சேர்ந்து உருண்டு வரும். அதற்கு நடுவில்தான் ஒவ்வொரு கருவியையும் துடைத்து, சோதித்து, மெல்ல உயிர்ப்பித்தார்கள். செப்டம்பரில் டெசி மறுபடி வானைப் பார்த்தது.

2024 ஏப்ரலில் டெசி குழு தன் முதலாண்டு முடிவுகளை வெளியிட்டது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களையும் குவாசர்களையும் கொண்ட முப்பரிமாண வரைபடம். பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றல் காலத்தோடு மாறி வருகிறதோ என்ற ஐயத்தைக் கிளப்பிய தரவு. அந்த முதலாண்டின் அளவீடுகள் 2021 மே 14 அன்று தொடங்கி 2022 ஜூன் 14 அன்று முடிகின்றன. அதற்கு மூன்றாம் நாள் நெருப்பு உச்சிக்கு வந்தது.