நோயாளியின் நம்பிக்கையும் வியாபாரியின் மூலதனமும்

அரிசி விற்பவன் ஏமாற்றினால், வாங்கியவன் அன்று மாலையே உலையில் கண்டுகொள்வான். துணி விற்பவன் ஏமாற்றினால், முதல் சலவையிலேயே சாயம் வெளுத்துவிடும். ஆனால் நோயைப் பற்றிய செய்தியை விற்பவன் ஏமாற்றினால், ஏமாந்தவன் அதை உணரும் முன்பே உயிரை இழக்கவும் கூடும். ஆகையால், இணையத்தின் மூலமாகச் சுகாதார விஷயங்களை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லி அதைக்கொண்டு லாபம் பெற முன்வரும் கம்பெனிகளைச் சாதாரண வர்த்தகத்தின் தராசில் மட்டும் நிறுத்துப் பார்ப்பது போதாதென்பது நமது அபிப்பிராயம்.

இத்தொழிலில் அனுபவமுள்ள பலர் இப்போது ஓர் உபாயத்தைப் போதிக்கிறார்கள். விளம்பரத்தை மட்டும் நம்பாதே. ஒரே வியாதியால் துன்புறுவோரை ஒரு சமூகமாகச் சேர்த்து அவர்களுடன் உறவை வளர்த்துக்கொள். வியாபாரம் தானே பெருகும் என்பதே அந்த உபாயம். அது பலிக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவ்விதம் வளர்ந்த உறவு யாருடைய சொத்து? அதை விற்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? இக்கேள்விகளுக்கு விடை தேடும் பொருட்டு, அமெரிக்காவில் நடந்த இரண்டு சரித்திரங்களை நேயர்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, டாக்டர் ஸி. எவரெட் கூப் என்பவரின் பெயரால் 1998-ல் தோன்றிய இணைய ஸ்தாபனம். டாக்டர் கூப் 1980-களில் அமெரிக்க அரசாங்கத்தின் சர்ஜன் ஜெனரல் என்னும் உயர்ந்த வைத்தியப் பதவியை வகித்தவர். புகையிலையின் தீங்கை அஞ்சாமல் எடுத்துரைத்தவர். எயிட்ஸ் நோயின் உண்மைகளை விளக்கும் பிரசுரத்தை 1988-ல் நாடு முழுவதும் வீடுதோறும் அனுப்பச் செய்தவர். அத்தகைய மனிதரின் பெயரைக் கண்டதும் ஜனங்கள் நம்பினார்கள். 1999 ஜூன் மாதத்தில் கம்பெனியின் பங்குகள், பங்கொன்றுக்கு 9 டாலர் வீதம் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அடுத்த மாதமே, அமெரிக்கா ஆன்லைன் கம்பெனியின் சந்தாதாரர்களைத் தன்பால் இழுத்துக்கொள்வதற்காக, நான்கு வருஷங்களில் 8 கோடியே 90 லட்சம் டாலர் கொடுப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டது. உறவாகச் சேர்க்க வேண்டிய கூட்டத்தை விலைக்கு வாங்க முற்பட்டது.

அதே வருஷம் செப்டம்பரில் பத்திரிகைகள் ஒரு விஷயத்தை வெளிப்படுத்தின. சில ஆஸ்பத்திரிகளின் பெயர்கள் சிறந்த ஆஸ்பத்திரிகளின் ஜாபிதாவைப் போல அந்த ஸ்தாபனத்தின் பக்கங்களில் பிரசுரிக்கப்பட்டிருந்தன. உண்மையில் அவை பணம் கொடுத்து இடம் பிடித்தவை. வைத்தியரின் சிபார்சு என்று நோயாளி எண்ணியது கட்டண விளம்பரமாக இருந்தது! அந்த ஏற்பாட்டுக்குச் 'சமூகக் கூட்டாளிகள்' என்ற அழகிய பெயரும் சூட்டப்பட்டிருந்தது. கண்டனம் எழுந்த பின்னர் மாறுதல்கள் செய்யப்பட்டன. ஆயினும் வாங்கிய கூட்டம் நிலைக்கவில்லை. வரவைச் செலவு விழுங்கிற்று. 2001 டிசம்பரில் கம்பெனி திவாலாயிற்று. மறு வருஷம் அதன் மிச்சங்களை ஒரு மருந்துச் சத்து வியாபாரக் கம்பெனி 1 லட்சத்து 86 ஆயிரம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. அந்த மிச்சங்களில், டாக்டர் கூப்பை நம்பித் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டவர்களின் மின்னஞ்சல் விலாசங்களும் அடங்கியிருந்தன. கப்பல் முழுகியபோது பிரயாணிகளும் சரக்கோடு சரக்காக ஏலம் போனார்கள்.

இரண்டாவது சரித்திரம் ஒரு குடும்பத்தின் துயரத்தில் பிறந்தது. 1998-ல் ஸ்டீபன் ஹேவுட் என்ற 29 வயது இளைஞருக்கு ஏ.எல்.எஸ். என்னும் கொடிய வியாதி கண்டது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மாண்டு, கை கால் ஓய்ந்து, முடிவில் மூச்சும் தளர்ந்துபோகும் வியாதி அது. அதை அடியோடு குணப்படுத்தும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவருடைய சகோதரர்களான ஜேம்ஸும் பெஞ்சமினும், நண்பர் ஒருவருடன் சேர்ந்து, 2004-ல் பேஷன்ட்ஸ் லைக் மீ என்ற கம்பெனியை ஸ்தாபித்தார்கள். 'என்னைப் போன்ற நோயாளிகள்' என்பது அப்பெயரின் பொருள். ஸ்டீபன் 2006-ல் காலமானார், கம்பெனி வளர்ந்தது.

அது வளர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு நோயாளியும் தாம் உட்கொள்ளும் மருந்து, அதன் அளவு, நோயின் ஏற்றத் தாழ்வு ஆகியவற்றைத் தாமே பதிவு செய்தார். பதிலுக்கு, தம்மைப் போன்ற நூற்றுக்கணக்கானவர்களின் நிலைமையைத் தம்முடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியைப் பெற்றார். கொடுத்தவரே பெற்றவராகவும் இருந்தார். வைத்தியர் ஆண்டுக்குச் சில தடவை மட்டுமே காணும் நோயை அனுதினமும் அனுபவிப்பவரின் அறிவு மதிப்புப் பெற்றது.

அந்த மதிப்புக்கு ஒரு பரீட்சையும் வந்தது. லித்தியம் என்னும் மருந்து ஏ.எல்.எஸ். வியாதியின் வேகத்தைத் தணிப்பதாக 2008-ல் இத்தாலிய வைத்தியர்கள் ஒரு சிறிய ஆராய்ச்சியைப் பிரசுரித்தார்கள். நம்பிக்கையற்றிருந்த நோயாளிகள் பலர் உடனே அதை உட்கொள்ளத் தொடங்கினார்கள். கம்பெனி அவர்களுடைய பதிவுகளைச் சேகரித்தது. மருந்துண்ட 149 பேரை, அவர்களைப் போன்ற நிலையிலிருந்து மருந்துண்ணாத 447 பேருடன் ஒப்பிட்டு, பலன் எதுவுமில்லை என்று 2011-ல் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டது. தன் அங்கத்தினர் கேட்க விரும்பியதைச் சொல்லாமல், அவர்கள் அறிய வேண்டியதைச் சொன்னது. உறவு என்பதன் உரைகல் இதுவே. முகஸ்துதி செய்வதற்கு உறவு வேண்டியதில்லை. கசப்பான உண்மையைச் சொல்வதற்குத்தான் வேண்டும்.

ஆயினும் கம்பெனிக்கும் வருமானம் வேண்டுமல்லவா? அங்கத்தினரின் பெயரை நீக்கிவிட்டு, அவர்களுடைய நோய்ப் பதிவுகளை மருந்துக் கம்பெனிகள் முதலியவற்றுக்கு விற்பதே அதன் வருமான வழி. அதை அது மறைக்கவில்லை. 2010-ல் வெளியார் ஒருவர் நோயாளிகளின் அந்தரங்கச் சம்பாஷணைகளை இயந்திரத்தின் மூலம் திரட்டியதை அது கண்டுபிடித்துத் தடுத்தது, அங்கத்தினருக்கு அறிவித்தது, தானும் பதிவுகளை விற்பதுண்டு என்பதை அப்போதே ஞாபகப்படுத்தவும் செய்தது. அதன்பின் இருநூறு பேருக்கு மேல் விலகினார்கள், பெரும்பாலோர் தங்கினார்கள். உண்மையைச் சொன்னதனால் ஏற்பட்ட நஷ்டம் அற்பம். அதனால் நிலைத்த நம்பிக்கை பெரிது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2017-ல் ஐகார்பன்எக்ஸ் என்ற சீன தேசத்துக் கம்பெனி பெருந்தொகையை முதலீடு செய்து முக்கியப் பங்குதாரராயிற்று. அந்நிய முதலீடுகளைப் பரிசீலிக்கும் அமெரிக்க அரசாங்கக் குழு, தேசப் பாதுகாப்பைக் காரணமாகக் கொண்டு, அப்பங்கைக் கைவிடும்படி 2019-ல் வற்புறுத்திற்று. அதே வருஷம் யுனைடெட்ஹெல்த் குரூப் என்ற ஸ்தாபனம் கம்பெனியை வாங்கிக்கொண்டது. வைத்திய இன்ஷூரன்ஸ் தொழிலில் அமெரிக்காவிலேயே தலைசிறந்து நிற்பது அது. ஒரு சகோதரரின் மரணப் படுக்கையருகே பிறந்த ஸ்தாபனத்தில் தன் துன்பத்தைப் பதிவு செய்த நோயாளி, அந்த ஏடு பின்னொரு நாள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அலமாரிக்குப் போய்ச் சேரும் என்று எண்ணியிருப்பாரா? சட்டப்படி குற்றமொன்றும் நடந்ததாக நாம் கூறவில்லை. சட்டத்துக்கு உட்பட்டே இவ்வளவும் நடைபெறக்கூடும் என்பதுதான் நமது கவலை.

நம் தேசத்திலும் கோடிக்கணக்கானவர்கள் கையிலுள்ள தொலைபேசியில் நோய்க்கு விளக்கம் தேடுகிறார்கள். அவர்களை நாடும் கம்பெனிகளும் பெருகி வருகின்றன. நமது பார்லிமெண்ட் 2023-ல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தரும் சம்மதம் சுயேச்சையானதாகவும், குறிப்பிட்ட காரியத்துக்கானதாகவும், விஷயத்தை அறிந்து தரப்பட்டதாகவும் இருக்க வேண்டுமென்று விதிக்கிறது. தந்த சம்மதத்தைத் தந்த அளவு எளிதாகவே திரும்பப் பெறலாம் என்றும் கூறுகிறது. நல்ல விதிகளே. ஆனால் வலியால் துடிப்பவன், நடுநிசியில், முப்பது பக்க நிபந்தனைப் பத்திரத்தின் அடியில் தரும் சம்மதம் எவ்வளவு சுயேச்சையானது? நீதிமன்றத்தில் அது செல்லுபடியாகலாம். தர்மத்தின் முன் செல்லாது.

ஆகவே, இத்தொழிலில் இறங்குவோர் சில கடமைகளைத் தாமே ஏற்க வேண்டும். பணம் எங்கிருந்து வருகிறதென்பதை நோயாளி அறியும் இடத்தில் அவனுக்கு விளங்கும் பாஷையில் எழுதி வைக்க வேண்டும். சிபார்சு வேறு, விளம்பரம் வேறு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். கம்பெனி கைமாறும்போது பழைய சம்மதம் தானாகத் தொடராமல், ஒவ்வோர் அங்கத்தினரிடமும் புதிதாகக் கேட்கப்பட வேண்டும். ஸ்தாபனத்தின் நிர்வாக சபையில் நோயாளிகளின் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். இப்படிச் செய்தால் லாபம் குறையுமே என்பார்கள். மெதுவாக வருமே ஒழியக் குறையாது. பெரும் பொருள் கொடுத்துக் கூட்டத்தை வாங்கியவர்களின் கதி என்னவாயிற்று என்பதை மேலே கண்டோம்.

நமது நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நீங்கள், ஜனங்களின் நம்பிக்கையை வைத்தே வேலை செய்கிறீர்கள். நோயாளியின் நம்பிக்கையும் அதே ஜாதியைச் சேர்ந்தது. அது வியாபாரியிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அவனுடைய சரக்கு அன்று. அடைக்கலப் பொருளை விற்பவனுக்கு நம் முன்னோர் என்ன பெயரிட்டார்கள் என்பதை யாவரும் அறிவர். அப்பெயருக்கு ஆளாகாதபடி இத்தொழிலை நடத்துவோருக்கு ஆதரவு தாருங்கள். மற்றவர்களைக் கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்கும் ஜனங்கள் உள்ள தேசத்தில்தான் நாணயமான வியாபாரம் வேரூன்றும்.